வாங்கும் கண்

இது இன்னும் நடக்கவில்லை, கண்ணுகளா. நடக்கிற காலத்தில் நான் இருக்க மாட்டேன், நீங்கள் இருப்பீர்கள். அதனால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். சிரிப்பு வருகிற இடத்தில் அடக்கிக்கொள்ள வேண்டாம். சொல்கிற எனக்கே அடங்குவதில்லை.

அந்தக் காலத்தில் ஊரில் ஓடுவதெல்லாம் மின்சார வண்டிதான். வசதி உள்ளவர்களுக்குப் பெரிய பேட்டரி போட்ட தனி வண்டி. மற்றவர்களுக்குப் பங்கு வண்டி.

பங்கு வண்டி என்றால் என்ன? முழு பேட்டரி வைத்தால் விலை ஏறிவிடுகிறது, பாதி வைத்தால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அப்போது யாரோ ஒரு கெட்டிக்காரனுக்கு யோசனை வந்தது. ஊரில் இருக்கிற வண்டியெல்லாம் ஒரே நேரத்திலா தீர்ந்துபோகிறது? ஒன்று நிறைந்திருக்கும்போது இன்னொன்று காய்ந்திருக்கும். பக்கம் பக்கமாக நிற்கையில் நிறைந்தது காய்ந்ததற்குக் கொடுக்கட்டுமே! ஒயர் வேண்டாம், கேட்க வேண்டாம். கை எட்டும் தூரத்தில் இரண்டு பங்கு வண்டிகள் நின்றால் போதும், ஒன்றுக்கொன்று சார்ஜைக் கொடுத்து வாங்கி இரண்டும் தானாகச் சமமாகும். இப்படித்தான் அரை பேட்டரியில் முழு ஊரும் ஓடியது. விலையும் ஒரு கறவை மாட்டை விடக் குறைவு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் சர்க்கரை வாங்குகிற மாதிரி. ஆனால் சர்க்கரைக்கு வருகிறவள் வாயைத் திறந்து கேட்பாள். நாமும் "இப்பத்தான் தீர்ந்துச்சு" என்று கூசாமல் ஒரு பொய் சொல்லலாம். பங்கு வண்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

வண்டிக்குத் தெரியாவிட்டால் என்ன, மனிதர்கள் கற்றுக்கொண்டார்கள். வண்டியின் நெற்றியில் ஒரு சின்ன விளக்கு இருக்கும். நிறைந்தால் பச்சை, குறைந்தால் மஞ்சள், காய்ந்தால் சிவப்பு. சிவப்பு விளக்கோடு ஒருவன் வந்தால் தெருவே ஒதுங்கியது. வேண்டுமென்றே வந்து ஒட்டி நிற்பவனுக்கு 'உண்ணி' என்று பேர், மாட்டுக் காதில் ஒட்டுமே அதேதான். பெண் கொடுக்கிறவர்கள், மாப்பிள்ளை பொழுதோடு வீடு திரும்பும்போது விளக்கு என்ன நிறம் என்று விசாரித்தார்கள். பச்சையில் வந்தால் பிழைக்கத் தெரிந்தவன். சிவப்பில் வந்தால் ஏமாளி. உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் வண்டியைத் தெருக்கோடியில் விட்டுவிட்டு நடந்து போய், "காலாற நடக்கலாம்னு வந்தமுங்க" என்று சொல்லிக்கொண்டார்கள்.

இந்த ஊரில்தான், ஊத்துக்குளிப் பக்கம், தாரணி என்று ஒருத்தி இருந்தாள். பனியன் கம்பெனியில் வேலை. புருசன் லோகேஸ்வரன், லோகு. ஆள் கொஞ்சம் கனம், பேச்சு அதைவிடக் கனம். அவளுக்கு ஒரே தம்பி, கிருத்திக். பங்கு வண்டி விற்கிறதும் பழுது பார்க்கிறதும் அவன் தொழில். அக்காவுக்கு வண்டி கொடுத்ததும் அவன்தான்.

வண்டி ஆடி மாதம் ஓடியது, ஆவணி மாதம் ஓடியது, சொன்ன பேச்சைக் கேட்டது. புரட்டாசி முடிந்ததும் அதற்கு என்னவோ பிடித்துக்கொண்டது. ராத்திரி முழுக்க ஒயரில் போட்டுப் பச்சையாக்கி ஓட்டிப் போவாள். கம்பெனிக் கொட்டகையில் விட்டுவிட்டுச் சாயங்காலம் வந்து பார்த்தால் சிவப்பு. சுற்றி நிற்கிற வண்டியெல்லாம் பச்சைப் பசேல் என்று இருக்கும். இவளுடையது மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தது, திரும்ப ஒரு சொட்டு வாங்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதன் பிறகுதான் தாரணிக்கு மவுசு கூடியது. கம்பெனியில் அவள் பக்கத்தில் வண்டி விடப் போட்டி நடந்தது. லோகு அப்போதுதான் டெங்குக் காய்ச்சலில் பிழைத்து வந்திருந்தான். அவனை நலம் விசாரிக்கத் தெருவே திரண்டு வந்தது. வந்தவர்கள் வண்டியிலேயே வந்து, வாசலிலேயே நிறுத்தி, காப்பி குடித்து, இன்னொரு காப்பியும் குடித்துவிட்டுப் போனார்கள்.

"நம்ம மேல எல்லாத்துக்கும் எத்தனை பிரியம் பாத்தீங்களா!" என்று கண் கலங்கினாள் தாரணி.

"ஆமா அம்மிணி. நான் செத்துருந்தாக்கூட இத்தனை பேரு வந்திருக்க மாட்டாங்க" என்றான் லோகு.

தம்பி கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். கிருத்திக் சீட்டைத் தூக்கினான், உள்ளே குனிந்து பார்த்தான், விரலை நீட்டினான், இழுத்துக்கொண்டான். பிறகு சீட்டை மூடினான்.

"ஒண்ணுமில்லைக்கா. போகப் போகச் செரியாப் போயிரும்."

போகப் போக இன்னும் மோசமானது. மறுபடி போனாள், மறுபடியும் அதே பதில். பேட்டரியை மாற்றித் தருகிறேன் என்று சொல்லவில்லை, இதுதான் கோளாறு என்றும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே பேசவில்லை.

கார்த்திகையில் கிருத்திக்குக்குப் பெண் நிச்சயம். தாரணி தட்டுச் சாமானோடு கிளம்பியவள், நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தாள். பெண் வீட்டார் ஒருவர் சும்மா இருக்காமல், "ஏனுங், தம்பி கடை வண்டிதானுங்களே?" என்று கேட்டுவைத்தார். அவ்வளவுதான்.

"என்ற தம்பிகிட்ட மட்டும் வண்டி வாங்கீராதீங்க! சொந்த அக்காளுக்கே ஓட்டைப் பேட்டரியைத் தலைல கட்டுன ஏமாத்துக்காரன்!"

சபை முழுக்க அவன் பக்கம் திரும்பியது. கிருத்திக் எழுந்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் ஒரு முறை பார்த்தான். திறந்த வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

தையில் கல்யாணம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கொங்குப் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளையோடு அவனுடைய அக்காளோ தங்கையோ மணையில் உட்கார வேண்டும். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். கல்யாணத்தை நடத்திவைக்கிற அருமைக்காரர் இருவரையும் வாழ்த்திய பிறகுதான் தாலிப் பேச்சே. கூடப் பிறந்தவள் வராவிட்டால் சித்தி மகளை உட்கார வைப்பார்கள். ஆனால் அப்படி ஒரு முறை இடம் மாறினால் மாறியதுதான். அதன் பிறகு தம்பி வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் அந்தச் சித்தி மகளே அக்கா.

பத்திரிகையைத் தம்பி நேரில் கொண்டுவரவில்லை. சித்தி மகள் வினிஷாதான் கொண்டுவந்தாள். "போகவே மாட்டன்" என்று தாரணி மார்கழி முழுக்கச் சொன்னாள். கல்யாணத்தன்று காலையிலும் சொன்னாள். சொல்லிக்கொண்டே தலைக்கு ஊற்றினாள், பட்டுச்சேலை கட்டினாள், பூ வைத்தாள்.

"போகாததுக்கா இத்தனையும்?" என்று வேட்டியோடு வாசலில் தயாராக நின்ற லோகு கேட்டான்.

"சித்த சும்மா இருங்க. தட்டை எடுங்க. வெசையா ஏறுங்க!"

முறைத்துக்கொண்டு இருந்ததில் பொழுது போய்விட்டது. நல்ல முகூர்த்த நாள், வாடகை வண்டி ஒன்றும் கிடைக்கவில்லை. ஆக, அதே வண்டி. முன்னால் பட்டுச்சேலை, பின்னால் லோகு, லோகு மடியில் தேங்காய் பழத் தட்டு. பச்சை விளக்கோடுதான் புறப்பட்டார்கள். வழியில் சந்தைக்கூட்டம். இரண்டு பக்கமும் வண்டிகள் உரசிக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் இவர்கள் வண்டி கொடுத்தது. பச்சை மஞ்சளானது, மஞ்சள் சிவப்பானது. ரயில்வே கேட் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. கேட்டைத் தாண்டி இன்னும் இரண்டு மைல் போனால்தான் மண்டபம். கேட்டும் அப்போது பார்த்துக் கீழே இறங்கியது.

தாரணி போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, வினிஷாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா! எங்கிருக்கறே? அருமைக்காரர் மணையப் போட்டுட்டாருக்கா. 'அக்காளைக் கூப்புடு, அக்காளைக் கூப்புடு'ன்னு நிக்கறாரு. எங்கம்மா என்னைய மாலையப் போட்டுக்கச் சொல்லுது!"

"போட்டீன்னா கைய முறிச்சுருவேன். வண்டி நின்னுருச்சு, கேட்டுக்கிட்ட. பக்கத்துல யாரு?"

"அண்ணன்தான். மஞ்சளப் பூசிட்டு உக்காந்திருக்கறான்."

"அவங்கிட்ட நான் பேசல. வண்டி நின்னுருச்சுன்னு நீ சொல்லு."

வினிஷா சொன்னாள். ஸ்பீக்கரில் கிருத்திக்கின் குரல் தூரத்தில் கேட்டது. "நானும் அவகிட்டப் பேசல. சாவியை அணைச்சுப் போடச் சொல்லு."

"சாவியை அணைச்சுப் போடோணுமாம் அக்கா."

"கேட்டுச்சு. அணைச்சுப் போட்டாச்சுன்னு சொல்லு."

"போட்டாச்சாம் அண்ணா."

"எனக்கும் கேட்டுச்சு. பேட்டரிப் பெட்டி சூடா இருக்குதான்னு கேளு."

"சூடு வண்டிக்கில்ல, எனக்குத்தான்னு சொல்லு!"

"அண்ணா, அக்காளுக்குத்தான் சூடாம்."

"அது பொறந்ததுலருந்து அப்புடித்தான்னு சொல்லு. ஒயரு கழண்டிருக்குதான்னு பாக்கச் சொல்லு. பிரேக்கைப் புடிச்சு உடச் சொல்லு. மாமாவ எறங்கச் சொல்லு."

"நான் அப்பவே எறங்கீட்டேன் மாப்பிள்ளை!" என்று தட்டோடு கத்தினான் லோகு. "இந்தக் கல்யாணத்துல எங்கூட மட்டும் யாரும் சண்டையில்லையே? நான் நேராவே பேசலாமில்ல?"

மண்டபத்துப் பக்கம் யாரோ கெக்கெக்கே என்று சிரிப்பது கேட்டது. கிருத்திக் ஒவ்வொன்றாகக் கேட்டான், தாரணி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றிலும் கோளாறு இல்லை. நேரம் ஓடியது.

"கேட்டுல எத்தனை வண்டி நிக்குதுன்னு கேளு" என்றான் கிருத்திக்.

நிமிர்ந்து பார்த்தாள். ஏகப்பட்ட வண்டிகள், ஆனால் யாரும் ஒட்டி நிற்கவில்லை. கேட் போட்டால் ஒவ்வொருவரும் கையை நீட்டி அளந்து தள்ளி நிற்பதுதான் அந்த ஊர்ப் பழக்கம். ஒரு வரிசை கால் பர்லாங்குக்கு நீண்டு போகும். தாரணியும் ஒவ்வொரு நாளும் அப்படி நின்றவள்தான். ஒரு முறை சிவப்பு விளக்கோடு வந்த கர்ப்பிணிப் பெண்ணை, "அக்கட்டால தள்ளி நில்லு" என்று இவளே சொல்லியிருக்கிறாள்.

இன்று வேறு வழியில்லை. சேலையை இடுப்பில் செருகினாள். "தள்ளுங்க!" என்றாள். புருசனும் பெண்டாட்டியுமாக அந்தச் சிவப்பு விளக்கைக் கூட்டத்தின் நட்டநடுவே கொண்டுபோய் நுழைத்தார்கள்.

"அய்யோ, உண்ணி வருது! உண்ணி!"

கூட்டம் கோழிக்கூண்டுக்குள் கீரி புகுந்தது போல ஆயிற்று. முன்னால் கேட், பின்னால் லாரி, இரண்டு பக்கமும் வேலிமுள். எங்கே ஓடுவது? பால் கேன் கட்டியிருந்த ஒருத்தர் வண்டியையே தூக்கித் தோளில் வைக்கப் பார்த்தார்.

"பட்டுச்சேலை கட்டுன உண்ணிய இன்னைக்குத்தான் பாக்கறேன்!" என்றாள் பூக்கூடை வைத்திருந்த ஒரு பெண்.

"திட்டுங்க, பரவால்ல!" என்று தாரணி கத்தினாள். "என்ற தம்பிக்குக் கல்யாணமுங்க! இணைச்சீருக்கு நான் போயாகோணும். போகலீன்னா என்ற எடத்துல வேறொருத்தி உக்காந்துருவா!"

வண்டியைத் திருப்பப் பார்த்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"இணைச்சீருங்களா?" என்றார் பால்காரர். தோளில் ஏற்ற இருந்த வண்டியைக் கீழே வைத்தார். "அட, அதை மொதல்லயே சொல்றதில்லீங்களா! எப்பா, கிட்ட வாங்கப்பா! இணைச்சீருக்குப் போற புள்ளையப்பா!"

கண்ணுகளா, மனிதர்கள் விசித்திரமானவர்கள். சும்மா கேட்டால் முறைப்பார்கள். சீர் என்று சொல்லிவிட்டால் போதும், எங்கிருந்தோ சொந்தம் வந்துவிடும். ஓடப் பார்த்த கூட்டம் நெருங்கியது. திருவிழாத் தேரைச் சூழ்ந்த மாதிரி பச்சை விளக்குகள் அந்த ஒரு சிவப்பைச் சூழ்ந்தன. எல்லோரும் விளக்கையே பார்த்தார்கள்.

சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

"ஏனுங், என்றது கொறயவே இல்லீங்களே!" என்றார் பால்காரர், ஏமாந்த குரலில். கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்த பிறகு போகாவிட்டால் அதுவும் ஒரு மனக்குறைதான்.

"வினிஷா, சுத்தியும் வண்டி நிக்குது, ஒண்ணும் ஏறலைன்னு சொல்லு" என்றாள் தாரணி.

அந்தப் பக்கமிருந்து அருமைக்காரர், "நேரமாவுது சாமி, அந்தப் புள்ளையவே உக்கார வெச்சிருலாமுங்களா?" என்று கேட்பது மட்டும் காதில் விழுந்தது.

"ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லு" என்றான் கிருத்திக்.

"எதுக்காம்?" என்றாள் தாரணி. "ஒரு கையில போனு, ஒரு கையில வண்டி. இவுருக்கோ அணைக்கத் தெரியாது. சொல்றதைச் சொல்லச் சொல்லு!"

குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சீட்டைத் தூக்கச் சொல்லு. பெட்டிக்கு வலது பக்கம் குண்டுமணியாட்டம் ஒண்ணு இருக்கும். அதைப் பாக்கச் சொல்லு" என்றான்.

தாரணி சீட்டைத் தூக்கினாள். பார்த்தாள். பார்த்ததும் அப்படியே நின்றாள்.

அங்கே ஒரு பொட்டு இருந்தது. சந்தனம் காய்ந்து இறுகி, நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜைக்கு அவள் வைத்தது. அன்றைக்கு லோகு ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். அதற்கு முதல் நாள்தான், நினைவு தப்பியவனைத் துண்டால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இந்த வண்டியில் பறந்து போய்ச் சேர்த்திருந்தாள். பூஜையன்று விடிந்ததும் வண்டியைக் கழுவினாள். சந்தனம் குழைத்து, மாரியம்மன் கோயில் குங்குமத்தை எடுத்தாள். பெட்டியில் இரண்டு பக்கமும் பளபளவென்று குண்டுமணி போல ஒன்று இருந்ததைப் பார்த்து, பொட்டு வைக்க என்றே இடம் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மங்கலம் என்று வலது பக்கத்தில் வைத்தாள். "இத்தனை தூரம் கொண்டுவந்தே, கைவுட்டுராதே" என்று வண்டியிடம் சொன்னாள். சாயங்காலம் லோகு கண் திறந்தான்.

"அக்கா." கிருத்திக் நேராகவே பேசினான். நடுவில் வினிஷா இல்லை. "அது வாங்கற கண்ணு. பக்கத்து வண்டி குடுக்கறது அது வழியாத்தான் உள்ள வரும். எடது பக்கம் இருக்கறது குடுக்கற கண்ணு. நீ வாங்கறதை அடைச்சுட்டே."

"எடது கையிலயா குடுக்கறது?" என்று பூக்கூடைப் பெண் முகம் சுளித்தாள். "இந்த வண்டியச் செஞ்சவனுக்கு ஒரு முறை தெரியலையே!"

"தொடைச்சுட்டாப் போதுங்களா?" என்றார் பால்காரர்.

தாரணி பொட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"தொடைக்க மாட்டன்" என்றாள். "இவுரு கண்ணைத் தொறந்தது இந்தப் பொட்டுலதான். என்ற கையால குங்குமத்தை அழிக்கச் சொல்றீங்களா? இணைச்சீரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வினிஷாவே உக்காரட்டும்."

தூரத்தில் ரயில் ஊதியது. கூட்டத்தில் இருந்த பெண்களில் ஒருத்தியும் 'துடை' என்று சொல்லவில்லை. சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

லோகு தட்டைப் பால்காரரிடம் கொடுத்தான்.

"அம்மிணி, நான் இங்க குத்துக்கல்லாட்ட நிக்கறேன். எனக்காக வெச்ச பொட்டுக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? அழிக்க வேண்டாம். எடம் மாத்திக்கலாம்."

யாரிடமோ தண்ணீர் பாட்டிலை வாங்கி விரலை நனைத்தான். குனிந்து, காய்ந்த சந்தனத்தைப் பதமாகக் கரைத்து, ஒரு துளி சிந்தாமல் குங்குமத்தோடு வழித்து எடுத்தான். நிமிர்ந்து, அத்தனை பேர் பார்க்க, அதைத் தாரணியின் நெற்றியில் வைத்தான்.

கேட்டே கூத்தாடியது. விசில், ஹாரன், கைதட்டல். லாரிக்காரர் மேலிருந்து, "இங்கயே தாலியையும் கட்டிருங்ணா!" என்று கத்தினார். தாரணி வெட்கத்தில் புருசனை ஒரு குத்து குத்தினாள். அந்தக் கூத்துக்கு நடுவில் சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானதை முதலில் பார்த்தவர் பால்காரர்தான். "ஏறுது! ஏறுது! என்றது கொறயுது!" என்று ஜெயித்த மாதிரி குதித்தார்.

ரயில் தடதடவென்று கடந்தது. அது போய்ச் சத்தம் அடங்கிய நேரத்தில் பின்னால் இருந்து ஒரு குரல், சாதாரணமாகத்தான், கேட்டது.

"அப்ப அந்தப் பொட்டை எடது கண்ணுல வெச்சா?"

எல்லோரும் அவரவர் சீட்டைப் பார்த்தார்கள். கேட் திறந்தது.

தாரணி மண்டபத்துக்குள் ஓடியபோது வினிஷா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, போடாமல், அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் மாலையைத் தூக்கி அவள் கழுத்தில் போட்டுவிட்டு, "இனி உங்க ரெண்டு பேருத்துக்கும் நடுவுல நான் பேச மாட்டன், தொண்டை கட்டிப்போச்சு" என்றாள்.

அருமைக்காரர் மணையில் உட்காரச் சொன்னார். கூறைச்சேலையின் ஒரு முனை தம்பி கையில், மறுமுனை அக்கா கையில். அவர் வாழ்த்துச் சொல்லச் சொல்ல, தாரணி உதடு அசையாமல் கேட்டாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மொத நாளே. சீட்டைத் தூக்குன ஒடனே."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"மாமா ஆஸ்பத்திரீலருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகல. நீ வெச்ச குங்குமம். எந்த வாயால தொடைன்னு சொல்லட்டும்? நானே எடுத்துரலாம்னு விரலைக் கொண்டுபோனேன். கை வரலைக்கா. வேர்வைக்கு, மழைக்குத் தானாப் போயிரும்னு பாத்தேன். இந்த வருசம் மழையும் பேயல."

தாரணி சேலை முனையை இறுகப் பிடித்தாள். "நிச்சயத்தன்னைக்கு அத்தனை பேரு முன்னால உன்னைய ஏமாத்துக்காரன்னு சொன்னனே. அன்னைக்காவது சொல்லியிருக்கலாமே."

"அத்தனை பேரு முன்னாலயும் என்னன்னு சொல்றது? ஒரு பொட்டு வெச்சாக் கண்ணு அடைஞ்சுரும்னா? சொன்னா அடுத்த நாளு ஊருல ஒரு வண்டியாச்சும் குடுக்குமா? இது தெரிஞ்சவன் இந்த ஊருல நான் ஒருத்தன்தான் இருந்தேன்."

"இப்ப?"

கிருத்திக் சிரித்தான். சந்தோஷமாகத்தான் சிரித்தான், கண் மட்டும் நனைந்திருந்தது. "இப்ப நீ வந்து உக்காந்துட்டே. எனக்கு அது போதும்."

தாலி கட்டியாயிற்று. கெட்டிமேளம், அட்சதை, பந்தி. லோகு மூன்று முறை பாயசம் வாங்கினான். டெங்கு வந்த உடம்பு, தேற வேண்டுமல்லவா! தாரணி கல்யாணப் பெண்ணோடு சேர்ந்து சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்துப் போனாள். மண்டப வாசலில் பன்னீர்ச் செம்பு நிறைந்திருந்தது, கற்கண்டுத் தட்டும் நிறைந்திருந்தது. சந்தனக் கிண்ணம் மட்டும் காலி. வரவேற்க நின்ற பெண், "ரெண்டு தடவை அரைச்சு வெச்சாச்சுங்க, எங்க போகுதுன்னே தெரியல" என்று விழித்தாள்.

வெயில் தாழக் கிளம்பினார்கள். வண்டிக் கொட்டகையில் எல்லா வண்டிகளும் பச்சை. முன்பு போலத் தள்ளித் தள்ளி விடாமல், அழகாக நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். லோகு ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிப் பார்த்தான். எல்லாவற்றிலும் இடது பக்கம், கொடுக்கிற கண்ணில், இன்னும் ஈரம் காயாத சந்தனப் பொட்டு. சிலர் பக்தியாகக் குங்குமமும் வைத்திருந்தார்கள். துடைக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராத பொட்டு.

அந்த வரிசையில் ஒரே ஒரு வண்டி சிவப்பாக இருந்தது, தாரணியுடையது. அதை ஒட்டி யாருடையதோ ஒரு பழைய வண்டி நின்றது. கைப்பிடியில் ஒரு குழந்தையின் குல்லாய் தொங்கியது. அதன் விளக்கு இப்போதுதான் பச்சையாகியிருந்தது.

லோகு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரித்ததைப் பார்த்து அவளுக்கும் வந்துவிட்டது. கொட்டகையில் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஊரெல்லாம் வெச்சுட்டாங்க" என்றான் லோகு மூச்சு வாங்கிக்கொண்டு. அவன் விரல் நுனியில், எங்கே தேடிப் பிடித்தானோ, கொஞ்சம் சந்தனம் இருந்தது. "நாமளும் ஒண்ணு வெச்சுட்டா என்ன, அம்மிணி? நாளைக்கும் தள்ளோணுமா?"

தாரணி வெறுமையாக இருந்த அந்த இடது கண்ணைப் பார்த்தாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வேண்டாங்க. வெச்சுட்டா அப்புறமேட்டு எடுக்கக் கை வராது."

லோகு விரலைப் பார்த்தான். சந்தனத்தைத் தன் முழங்கையில் தடவிக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் போய்த் தள்ளத் தொடங்கினான்.